நாலாம் மாடிப் பச்சை வாளி

கீரைக்காவுக்கு அந்தக் குடியிருப்பில் மனிதர்களை அவ்வளவாகத் தெரியாது. கூடைகளைத்தான் தெரியும்.

ஊர் முடிந்து, குப்பைமேடும் முடிந்து, அதற்கும் அப்பால் யாருக்கும் வேண்டாத பொட்டலில் வரிசையாக எழுப்பிய நாலு மாடிக் கட்டடங்கள் அவை. கட்டும்போது லிஃப்ட்டுக்கென்று பொந்து விட்டார்கள். லிஃப்ட் மட்டும் வந்து சேரவில்லை. அந்தப் பொந்தில் இப்போது புறாக்களும் சக்கரம் கழன்ற சைக்கிள்களும் குடியிருக்கின்றன. ஒரு கட்டுக் கீரைக்காக நாலு மாடி இறங்கி ஏறுவது யாரால் ஆகும்? அதனால் காய்கறி வண்டி வந்து ஹார்ன் அடித்ததும் ஜன்னல்களிலிருந்து கயிற்றில் கூடைகள் இறங்கும். கூடை என்று ஒரு பேச்சுக்குச் சொல்வதுதான். பெயிண்ட் டப்பா இறங்கும், கைப்பிடி போன குக்கர் இறங்கும், பள்ளிக்கூடப் பை இறங்கும். மேலிருந்து வேண்டியதைக் கத்துவார்கள். கீரைக்கா போட்டுவிட்டுக் கயிற்றை இரண்டு இழுப்பு இழுத்து விடுவாள். கூடை ஏறிப் போகும். முகம் பார்க்கலாம் என்று அண்ணாந்தால் வெயில் கண்ணைக் குத்தும். ஒரு கை தெரியும், மிஞ்சினால் ஒரு முகவாய்.

அதனால் அவள் பேச்சில் ஆட்களெல்லாம் பாத்திரங்களாகவே ஆகிவிட்டார்கள். ஒயர்கூடை கறார் ஆசாமி, தக்காளியை ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டச் சொல்வாள். பெயிண்ட் டப்பா பாவம், கேட்பதைப் பாதியில் மறந்துவிடும். "என்னங்க, ரெண்டு நாளா பள்ளிக்கூடப் பை இறங்கலையே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று ராத்திரி சாப்பிடும்போது புருஷனிடம் கவலைப்படுவாள். அவர் வண்டிக்காரர், அவ்வளவாகப் பேசமாட்டார். பை வந்தால் வரும் என்பார்.

இந்த வண்டி வருவதற்கு முன்னால் அங்கே சாப்பாடு என்பது பெரிய ரோதனை. முனையில் ஒரு கடை உண்டு. தின்பதற்கு ஆயிரம் இருக்கும், சாப்பிடுவதற்கு ஒன்றும் இருக்காது. பளபளக்கிற பாக்கெட்டுகள், கலர் தண்ணீர், பிஸ்கட், ஒரு மூலையில் முளைவிட்ட வெங்காயம். நல்ல தக்காளி வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். திரும்பி வரும்போது நெரிசலில் பைக்குள்ளேயே அது சாறாகிவிடும். உடம்புக்கு முடியவில்லை என்று போகிற எல்லாரிடமும் டாக்டரம்மா பச்சைக் காய் சாப்பிடு, கீரை சாப்பிடு என்றுதான் சொல்வார். எங்கே போய் மேய்வது என்று கேட்டுச் சிரிப்பார்கள். சிரிப்பைத் தவிர அதற்கு வேறு பதில் இல்லை.

கீரைக்காவும் வண்டிக்காரரும் ஒரு பழைய லோடு வண்டியை வைத்துக்கொண்டு அங்கே வர ஆரம்பித்தபோது முதலில் எடுத்து வந்தது கீரை மட்டும்தான். பேர் அப்படி வந்தது. காலையில் காய்கறி, மத்தியானத்துக்கு மேல் அதே வண்டியைக் கொழுந்தன் எடுத்துக்கொண்டு போய் வாடகைக்குச் சரக்கு ஏற்றுவான். வண்டி சும்மா நின்றால் கட்டுப்படியாகாது. ஆனால் கீரையை மூடுகிற ஈரச்சாக்கு விஷயத்தில் மட்டும் கீரைக்கா யாருக்கும் இடம் கொடுக்கமாட்டாள். சந்தையிலேயே அதை நனைத்துக் கீரைமேல் போர்த்திவிடுவாள், வெயிலேறும்வரை வாடாது. அதை வேறெதற்கும் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

அன்றைக்குக் கீரை நல்ல கீரை. தண்டு விரல் பட்டாலே ஒடிந்தது. குடியிருப்புக்குள் நுழைந்ததும் முதலில் இறங்கியது கடைசிக் கட்டடத்து நாலாம் மாடிப் பச்சை வாளி. கொஞ்ச நாளாகவே அதுதான் முந்திக்கொள்கிறது. வாளிக்காரி அஞ்சு மாதக் கர்ப்பம். முன்னால் ஒன்று தங்காமல் போய்விட்டதாம், படி ஏறி இறங்கவே கூடாதென்று சொல்லியிருக்கிறார்களாம், ரத்தமும் கம்மியாம். நாலு மாடி உயரத்திலிருந்து ரகசியம் பேசினால் எல்லாருக்கும்தானே கேட்கும். அவளுக்கு என்றால் கீரைக்காவின் கை கொஞ்சம் தாராளமாகும். கேட்ட இரண்டு கட்டோடு கொசுறாக ஒரு பிடி போட்டுக் கயிற்றை இழுத்துவிட்டாள். மேலே மெலிந்த கை ஒன்று வாளியை வாங்கிக்கொண்டது.

வெயில் ஏறுவதற்குள் கீரை தீர்ந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டி நிழலில் வண்டியை நிறுத்திப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வண்டியை வாங்கிப் போகக் கொழுந்தன் வந்தான். காலிப் பெட்டிமேல் கிடந்த சாக்கைப் பார்த்தவன் அப்படியே நின்றான்.

"அண்ணி, இந்தச் சாக்கையா இன்னிக்குப் போட்டீங்க?"

"பின்ன, பட்டுத்துணியா போர்த்துவாங்க?"

அவன் சிரிக்கவில்லை. நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். நேற்று ஏற்றின சரக்கில் கேன்கள் இருந்தன, கரையான் மருந்து. ஒன்று மூடி சரியில்லாமல் வண்டிக்குள் ஒழுகிவிட்டது. கைக்கு அகப்பட்டது பக்கவாட்டில் காய்ந்துகொண்டிருந்த இந்தச் சாக்குதான்.

"தொடச்சிட்டு நல்லா அலசித்தான் அண்ணி போட்டேன். ராத்திரியே சொல்லணும்னு இருந்தேன். அண்ணன் திட்டுவாரேன்னு..."

வண்டிக்காரர் சாக்கை எடுத்து முகர்ந்தார். காலையில் சந்தையை விட்டுக் கிளம்பும்போதே ஏதோ வாடை அடித்தது. டீசல் ஒழுகுகிறதோ என்று டேங்கைச் சுற்றிச் சுற்றி முகர்ந்துவிட்டு வந்திருந்தார். அது டீசல் இல்லை என்று இப்போதுதான் மூக்குக்குத் தெரிந்தது.

"கேன்மேல என்ன போட்டிருந்துச்சு?"

"மண்டையோடுண்ணே."

கீரைக்கா தன் கையைப் பார்த்தாள். சாக்கை நனைத்துப் போர்த்தியது அவள் கைதான். போகிற வழியில் வெயில் பட்டதும் இன்னொரு தடவை தண்ணீர் தெளித்ததும் அவள்தான். சாக்கில் என்ன இருந்ததோ அத்தனையையும் கீரையில் இறக்கிவிட்டிருக்கிறாள்.

வண்டிக்காரர் தம்பியை அடிக்கக் கையை ஓங்கினார், ஓங்கின கை அப்படியே நின்றது. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். யாரும் கழுவாமல் சமைக்கப்போவதில்லை. கழுவினால் போய்விடும். வெந்தால் மிச்சமும் போய்விடும். வாயைத் திறந்தால்தான் ஆபத்து. முன்னால் இங்கே வந்துகொண்டிருந்த மீன்காரனுக்கு என்ன ஆயிற்று? எவனோ எதையோ தின்று வயிற்றால் போனான், மீன்தான் காரணம் என்று ஆளைத் துரத்தினார்கள், வண்டிக் கண்ணாடியை உடைத்தார்கள். பேசப் பேச அவர் குரல் நடுங்கியது. அவரே அதை நம்பவில்லை என்று பக்கத்தில் நின்ற இரண்டு பேருக்கும் தெரிந்தது.

அந்நேரம் மேலே ஏதோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அடுத்தாற்போல் இன்னொரு வீட்டில். தினமும் கேட்கிற சத்தம்தான், இன்றைக்கு ஒவ்வொரு விசிலுக்கும் கீரைக்காவின் உடம்பு தூக்கிப்போட்டது. மூன்றாவது விசிலுக்கு அவள் நிழலை விட்டு வெளியே போய்விட்டாள்.

அவள் குரல் கேட்டதும் ஜன்னல்கள் திறந்தன. மிச்சமிருக்கிற காயைக் கழித்துவிடப் போகிறாள் என்று நினைத்து இரண்டு மூன்று கூடைகள் அவசரமாக இறங்கியும்விட்டன.

முதலில் அவளுக்கு உண்மை வாயில் வரவில்லை. பயம் அப்படி. கீரையில் புழு இருக்கிறது, யாரும் சமைக்க வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று கத்தினாள். மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. உப்புத் தண்ணீரில் போட்டால் புழு தன்னால் வெளியே வந்துவிடும் என்று பெயிண்ட் டப்பா அவளுக்கே பாடம் சொன்னது. ஒயர்கூடை எட்டிப் பார்த்து ஆறுதல் சொன்னாள்.

"புழு இருந்தா நல்ல கீரைன்னு அர்த்தம்க்கா. மருந்து படாத கீரையிலதான் புழு வரும். இதுக்குப் போய் ஏன் இப்படி அலர்றீங்க?"

பொட்டலில் இத்தனை வருஷம் காய்ந்து கிடந்து, இப்போதுதான் பச்சையாக ஏதோ கண்ணில் படுகிறது. ஒரு புழுவுக்காக அதை யார் விடுவார்கள்? கீரைக்கா ஜன்னல்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு அடித்தொண்டையிலிருந்து உண்மை வந்தது.

"புழு இல்லம்மா. மருந்து பட்டிருக்கு. விஷ மருந்து. பிள்ளைங்க வாயில வைக்கிறதுக்குள்ள கீழ அனுப்புங்க. உங்க காலத் தொட்டுக் கேக்கறேன், யாரும் சாப்பிடாதீங்க."

மேலே விசில்கள் ஒவ்வொன்றாக அடங்கின. பிறகு கூடைகள் இறங்க ஆரம்பித்தன. கட்டாக வந்தது, ஆய்ந்த கீரையாக வந்தது, நறுக்கினதாக வந்தது. பெயிண்ட் டப்பாவுக்குள் கொதிக்கக் கொதிக்க ஒரு பாத்திரமே வந்தது. கூடையில் போடப் பொறுமையில்லாத யாரோ ஒருத்தர் இரண்டாம் மாடியிலிருந்து கட்டைத் தூக்கி எறிந்தார்கள். அது கீரைக்காவின் தலையில் விழுந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. குனிந்து பொறுக்கிப் பெட்டியில் போட்டாள்.

தரைத்தளத்தில் மெஷின் போட்டிருக்கிற தையல்காரர் கழுத்தில் டேப்போடு ஓடி வந்தார். குடியிருப்பில் நல்லது கெட்டதுக்கு அவர்தான் பெரிய மனுஷன். அவர் கத்தின கத்தலை எழுத முடியாது. வண்டிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு அத்தனையையும் கேட்டுக்கொண்டார். கொழுந்தன் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டான். வாங்கினவர்களில் யார் இன்னும் அனுப்பவில்லை, அதை முதலில் பாருங்கள், அப்புறம் எங்களை வெட்டிப் போடுங்கள் என்று கீரைக்கா சொன்னதும்தான் தையல்காரர் கத்துவதை நிறுத்தினார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு காலையிலிருந்து இறங்கின கூடைகளை வரிசையாக நினைவுக்குக் கொண்டுவந்தாள். ஒயர்கூடை வந்துவிட்டது. குக்கர் வந்துவிட்டது. பள்ளிக்கூடப் பை வந்துவிட்டது. பச்சை வாளி வரவில்லை.

கடைசிக் கட்டடத்துக்கு ஓடினாள். கீழே நின்று கூப்பிட்டாள். நாலாம் மாடி ஜன்னலில் வாளி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. திரை லேசாக அசைந்தது மாதிரி இருந்தது, காற்றாகவும் இருக்கலாம். தூங்குகிறாளோ என்றாள் பக்கத்தில் நின்ற ஒருத்தி. கீரைக்கா படியேறினாள்.

அவள் அந்தக் கட்டடங்களுக்குள் காலெடுத்து வைப்பது அதுதான் முதல் தடவை. படியில் இருட்டு, மூத்திர வாடை, புறா எச்சம். நாலாம் மாடிக்கு வந்து நின்றபோது நெஞ்சு வாய்க்கு வந்தது. நீளமான நடை, இருபுறமும் ஒரே மாதிரிக் கதவுகள், ஒன்றிலும் ஒன்றும் எழுதவில்லை. கீழே நின்றால் கண்ணை மூடிக்கொண்டு கைகாட்டுவாள். இங்கே எது இடம், எது வலம் என்றே பிடிபடவில்லை. கையில் கிடைத்த கதவைத் தட்டினாள். இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த ஓர் ஆள் எரிச்சலோடு திறந்தார்.

"பச்சை வாளி வீடு எதுங்க?"

"என்ன வாளி?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அடுத்த வீட்டு வாளி என்ன நிறம் என்று இங்கே ஒருத்தருக்கும் தெரியாது. அது கீழே நிற்கிறவளுக்குத்தான் தெரியும். அவள் அந்த ஆளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அவர் கட்டில்மேலேயே ஏறி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். தரை எங்கோ கிடந்தது, தலை சுற்றியது. வலப்பக்கம் ஒரு ஜன்னல் தாண்டி அடுத்ததில் பச்சை வாளி தொங்கியது.

அந்தக் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. திரும்பவும் தட்டினாள். உள்ளே ஏதோ நகர்ந்தது.

"யாரு?"

"கீரைக்கா வந்திருக்கேன். கீரை சமைச்சிட்டியா கண்ணு?"

கதவு திறக்கவில்லை. குரல் மட்டும் வந்தது.

"இல்லக்கா. அப்படியே இருக்கு. நான் தூக்கிப் போட்டுடறேன், நீங்க போங்க."

கீரைக்கா சுவரில் சாய்ந்து, அப்பாடா என்று மூச்சு விட்டாள். ஒரு வாய் தண்ணீர் கேட்கலாமா என்றுகூட நினைத்தாள். படியில் இறங்கவும் ஆரம்பித்துவிட்டாள். இரண்டு படி இறங்கியிருப்பாள். தொடாத கீரை என்றால் கதவைத் திறந்து கொடுத்திருக்கலாமே என்று தோன்றியது. கதவுக்குப் பக்கத்தில் நின்றபோது வெந்த கீரை வாசனை அடித்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. பயம் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பியது. ஓடிப் போய் இரண்டு கையாலும் கதவை அறைந்தாள். உள்ளே குமட்டுகிற சத்தம் கேட்டது.

"திற கண்ணு. உன் வயித்துல இருக்கிறதுக்காகவாவது திற."

தாழ்ப்பாள் விலகியது. கீரைக்கா அவள் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தாள். சின்னப் பெண். முகமெல்லாம் வியர்வை, வாயோரம் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. பின்னால் தரையில் வழித்துத் தின்ற தட்டு கிடந்தது.

தூக்கம் கெட்டு எழுந்து வந்த அந்த ஆள்தான் தன் வீட்டு நாற்காலியைக் கொண்டுவந்தார். அவரும் வண்டிக்காரரும் தையல்காரரும் கொழுந்தனுமாக அவளை நாற்காலியோடு தூக்கி, ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் இடித்துக்கொண்டு இறக்கினார்கள். கீரைக்கா முன்னால் இறங்கிக்கொண்டே படி, படி என்று சொல்லிக்கொண்டு வந்தாள். வண்டியில் முன் சீட்டில் அவளை மடிமேல் சாய்த்துக்கொண்டாள். வழி நெடுக அந்தப் பெண்ணின் வயிற்றில் கையை வைத்திருந்தாள். ஏதாவது அசைகிறதா என்று பார்த்தாள். வண்டி குலுங்கின குலுக்கலில் ஒன்றும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் முதல் கேள்வியே என்ன மருந்து என்பதுதான். பேர் தெரியாமல் முறிவு மருந்து கொடுக்க முடியாது என்றார் டாக்டர். எல்லாரும் கொழுந்தனைப் பார்த்தார்கள். கேன்களை இறக்கின குடோனுக்குப் போய்க் கேட்டால் போலீஸ் வரைக்கும் போகும் என்பது அவனுக்குத் தெரியும், முகம் வெளுத்திருந்தது. வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது சட்டைக்குள் அந்தக் கேனையே வைத்திருந்தான். சட்டை ஒரு பக்கம் கிழிந்திருந்தது. எப்படிக் கிழிந்தது என்று யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் நர்ஸ் வெளியே வந்தாள். தாய்க்கு ஆபத்து நீங்கிவிட்டது, குழந்தைக்குத் துடிப்பு கேட்கிறது, ஆனால் நாளைக்குக் காலைவரை எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள். அந்தப் பெண்ணின் புருஷன் வெளியூரில் கட்டட வேலையில் இருந்தான், கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்திருந்தது. அவன் வந்து கழுத்தைப் பிடித்தால் என்ன சொல்வது என்று கீரைக்கா நாள் முழுக்க மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சரியாக வரவில்லை. யாராவது ஒருத்தர் உள்ளே போகலாம் என்றார்கள். அவள்தான் போனாள். திட்டுவாள், சபிப்பாள், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று கட்டிலருகே நின்றாள்.

அந்தப் பெண் கண்ணைத் திறந்து பார்த்தாள். திட்டவில்லை.

"ஏம்மா அப்படிச் சொன்னே? சாப்பிடலைன்னு?" கீரைக்காதான் கேட்டாள்.

"நீங்க கீழ விஷம்னு கத்தினது கேட்டுச்சுக்கா." குரல் கரகரத்தது. "அதுக்குள்ள நான் சாப்பிட்டு முடிச்சிட்டேன். எனக்குத்தான் அஞ்சு மாசமாகியும் மசக்கை விடலையே, தினமும் வாந்திதானே, இதுவும் அப்படித்தான் இருக்கும்னு படுத்துட்டேன். வெளிய சொல்லப் பயமா இருந்துச்சு."

"எதுக்குப் பயம்? எங்களுக்கா?"

"நீங்க வராம போயிடுவீங்களேன்னு. ஒருத்தருக்கு ஏதாவது ஆச்சுன்னு தெரிஞ்சா வண்டிய உள்ளயே விடமாட்டாங்க. அப்புறம் நான் யார்கிட்டக்கா வாங்குவேன்? என்னால படி இறங்க முடியுமா, பஸ் ஏற முடியுமா? போன தடவை ரத்தம் இல்லாமதான் அது தங்கல."

கீரைக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"வெளிய கேட்டாங்கன்னா மசக்கைதான்னு சொல்லிடுங்கக்கா. கீரை அப்படியே கெடந்துச்சுன்னு சொல்லிடுங்க. நானும் அதையே சொல்றேன்." மெலிந்த கை கீரைக்காவின் விரலைத் தேடிப் பிடித்தது. "நாளைக்கு வண்டி வரணும்."

வெளியே வந்தபோது குடியிருப்பிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தவர்கள் நடையில் நின்றுகொண்டிருந்தார்கள். உயரமான ஒருத்தி குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். குரலை வைத்துத்தான் அது ஒயர்கூடை என்று தெரிந்தது. கண் சிவந்திருந்தது. கீரைக்கா நர்ஸ் சொன்னதைச் சொன்னாள். தையல்காரர் அவளைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போனார். காலையில் கத்தின ஆள் இல்லை அவர் இப்போது. குரல் தணிந்திருந்தது.

"ஏம்மா, அது கீரையாலதானா? இல்ல, கர்ப்பக்காரிங்களுக்கு வர்ற மாதிரி ஏதாவதா?" பின்னால் நிற்கிறவர்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "சும்மா மசக்கைன்னா அப்படியே சொல்லிடு. நானும் எல்லார்கிட்டயும் அப்படியே சொல்லிடறேன். மத்ததையெல்லாம் விட்டுடலாம்."

கீரைக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். அதிலும் அதே பயம் இருந்தது, வண்டி நின்றுவிடுமோ என்று. அப்பால் பெஞ்சில் வண்டிக்காரர் எழுந்து நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை போதும், நாளைக்கு வழக்கம்போல வண்டி போகும், ஹார்ன் அடிக்கும். காலையில் புழு என்று சொல்லிச் சமாளிக்கப் பார்த்த நேரத்தில்தான் உள்ளே ஒருத்தி தட்டை வழித்துக்கொண்டிருந்தாள் என்ற நினைப்பு அவளை விடவில்லை.

"இல்லண்ணே. என் கீரைதான்."

தையல்காரர் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் சுற்ற ஆரம்பித்தார். ஒயர்கூடை பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். கீரைக்கா, அவர்கள் இன்னும் ஏதாவது கேட்பார்களோ என்று அங்கேயே நின்றாள்.